நேர்க்கோட்டில் 300 மீட்டர், நடந்தால் 1.9 கிலோமீட்டர்: டெல்டா சிற்றூர் ஒன்றின் தலைக்கணக்கும் பஸ் வழியும்

டெல்டாவில் ஒரு சிற்றூருக்கு பஸ் வருமா வராதா என்பதை அந்த ஊரின் ஜனத்தொகை தீர்மானிப்பதில்லை. ஊரைப் பிளந்து ஓடும் ஆற்றின் மேல் என்ன பாலம் இருக்கிறது, அந்தப் பாலத்தில் ஏற பஸ் எப்படித் திரும்ப வேண்டியிருக்கிறது, கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்பவைதான் தீர்மானிக்கின்றன. ரோடு போடும் திட்டங்களோ தலையை எண்ணித்தான் தொடங்குகின்றன. எண்ணிக்கை சரியாக இருந்தும் வழி கிடைக்காமல் போகிற ஊர்கள் திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, தஞ்சை மாவட்டங்களில் நிறைய. அது ஏன் நடக்கிறது, எங்கே பிடித்தால் சரியாகும் என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறோம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு மாதிரி ஊர். நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பாமணியாறும் கோரையாறும் பிரிந்து தெற்கே முத்துப்பேட்டைப் பக்கம் போகின்றன. அந்தப் பாசனப் பகுதியில் திரும்பத் திரும்பக் காணும் அமைப்பை ஓர் ஊராக நிறுத்தியிருக்கிறோம். ஊர் அளவிலான எண்கள் எல்லாம் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. மாவட்டக் கணக்கும் திட்ட விதிகளும் தேதிகளும் உள்ளது உள்ளபடியே.

ஊர் கிடக்கும் விதம்

வருவாய்க் கணக்கில் அது ஒரே கிராமம். ஜனம் 1,580, வீடு ஏறக்குறைய 430. ஆனால் யாரும் ஒரே இடத்தில் குடியிருக்கவில்லை. ஆற்றின் வடகரையில் மூன்று தெரு, 900 பேர். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம், பஸ் நிற்கும் ஆலமரம் எல்லாம் அங்கேதான். தென்கரையில் ஒரு தெரு, 410 பேர், ஆதிதிராவிடர் குடியிருப்பு. வயலுக்கு நடுவே களத்துமேட்டை ஒட்டி இன்னொரு தெரு, 270 பேர்.

டெல்டாவில் குடியிருப்புகள் மேட்டைத் தேடித்தான் அமையும். மேடு என்பது ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும்தான். அதனால் ஊர் நீளவாக்கில் கிடக்கும். ரோடும் கரைமேலேயே ஓடும். ஆறு போகிற திசையில் ரோடு இருக்கும். ஆற்றைக் குறுக்கே கடக்கிற திசையில் இருக்காது. பஸ் வழி பற்றி இந்தப் பகுதியில் எழுகிற புகாரில் பெரும்பாதி இந்த ஒரே வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

தென்கரைத் தெருவுக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் குறுக்கே 300 மீட்டர்தான். நடுவில் ஆறு. ஊர்க்காரர்கள் போட்ட மூங்கில் பாலம் ஒன்று இருக்கிறது; ஆள் போகலாம், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகலாம். தண்ணீர் வேகம் கூடினால் அதுவும் போய்விடும். அடுத்த உறுதியான பாலம் 900 மீட்டர் கீழே உள்ள சட்ரஸ் பாலம், அதாவது ஆற்று நீரைத் தேக்கித் திறந்துவிடும் மதகின் மேல் உள்ள பாலம். கரையோடு போய், சட்ரஸில் ஏறிக் கடந்து, எதிர்க்கரையில் திரும்ப அதே தூரம் வர வேண்டும்: 1.9 கிலோமீட்டர். ஐந்து நிமிஷ நடை இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது.

தலைக்கணக்கில் எந்தத் தலை

2001-க்கும் 2011-க்கும் இடையில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. அதே பத்தாண்டில் திருவாரூர் மாவட்டம் 11,69,474-லிருந்து 12,64,277-க்குத்தான் வந்தது, 8.1 சதவீதம். தஞ்சாவூர் 22,16,138-லிருந்து 24,05,890, 8.6 சதவீதம். மாநில வேகத்தில் பாதியைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். 2011-இல் மாநிலத்தில் 1,000 ஆணுக்கு 996 பெண் என்றால் தஞ்சாவூரில் 1,035, அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் 1,025, திருவாரூரில் 1,017. பெண் பிறப்பு அதிகம் என்று இதைப் படிக்கக் கூடாது. ஆண்கள் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள் என்றுதான் படிக்க வேண்டும். (இன்றைய மயிலாடுதுறை மாவட்டம் 2020-இல் தான் பிரிந்தது. 2011 கணக்கில் அது நாகப்பட்டினத்துக்குள் இருக்கிறது. மாவட்ட எண்களை ஒப்பிடும்போது இதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.)

ஊர் அளவில் வந்தால் ஒரே ஊருக்கு மூன்று எண் கிடைக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆளை, அவர் வழக்கமாகத் தங்கும் இடத்தில் எண்ணும். 2011-இல் எண்ணியது பிப்ரவரி 9 முதல் 28 வரை. டெல்டாவில் அது சம்பா அறுவடை ஓய்கிற நேரம்; பொங்கலுக்கு வந்த பையன்கள் பனியன் கம்பெனிக்குத் திரும்பியிருப்பார்கள். அவர்கள் தலை திருப்பூரில் விழும். ரேஷன் கார்டில் அவர்கள் பெயர் ஊரிலேயே இருக்கும். வாக்காளர் பட்டியல் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிற்கும். ஆகவே கார்டு கணக்கு கூடுதலாகவும் கணக்கெடுப்பு குறைவாகவும் இருந்தால் எதுவும் பொய்யில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில். பஸ்ஸுக்கு வேண்டியது நாள்தோறும் ஊரில் இருக்கிறவர்கள் எண்ணிக்கை. அதற்கு அங்கன்வாடியில் உள்ள குடும்பப் பதிவேடுதான் ஓரளவு கிட்டத்தில் வரும், ஏனென்றால் அது வீடு வீடாகப் போய்ப் புதுப்பிக்கப்படுகிறது.

இன்னொரு சிக்கல்: கணக்கெடுப்பின் கிராம எண் வருவாய்க் கிராமத்துக்கானது. 1,580 என்று ஒரே வரியில் வரும். அதில் தென்கரைத் தெருவின் 410 தனியாகத் தெரியாது. கிராமத் தகவல் ஏட்டில் பஸ் வசதி 'உண்டு' என்று குறித்திருக்கும், வடகரையில் பஸ் நிற்கிறதே. வசதி இல்லாத ஊருக்கு மட்டும் 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10, அதற்கு மேல் என்று எழுத்துக் குறி போடுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை ட்ரிப், எந்தக் கரையில் நிற்கிறது என்பதற்கெல்லாம் அந்த ஏட்டில் கட்டமே கிடையாது.

அடுத்த கணக்கெடுப்புக்கு அடிப்படை நேரம் 2027 மார்ச் 1 நள்ளிரவு. அதன் ஊர்க் கணக்கு வெளியாகிற வரைக்கும் திட்டங்கள் 2011 எண்ணைத்தான் கேட்கும்.

500 மீட்டர் வட்டம்

பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25-இல் தொடங்கியது. சமவெளியில் 500 பேரோ அதற்கு மேலோ உள்ள, இணைப்பில்லாத குடியிருப்புக்கு எல்லாக் காலத்துக்கும் ஏற்ற சாலை என்பது அதன் அடிப்படை விதி. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டமும் 2011 கணக்குப்படி 500 பேர் என்றே வைத்திருக்கிறது. நாடு முழுக்க 25,000 குடியிருப்பு, 62,500 கிலோமீட்டர்.

விதியின் நுணுக்கம் தூரத்தில் இருக்கிறது. எல்லாக் காலச் சாலையிலிருந்தோ, ஏற்கெனவே இணைந்த குடியிருப்பிலிருந்தோ 500 மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால்தான் ஒரு குடியிருப்பு 'இணைப்பில்லாதது'. 500 மீட்டர் வட்டத்துக்குள் உள்ள குடியிருப்புகளின் தலையை ஒன்றாகக் கூட்டிக்கொள்ளலாம். இதே விதி மலைப்பகுதிக்கு வரும்போது வட்டத்தை விட்டுவிட்டு, 1.5 கிலோமீட்டர் நடைபாதைத் தூரம் என்று மாறுகிறது. மலையில் காக்கை பறக்கும் தூரம் மனுஷனுக்கு உதவாது என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆறும் வாய்க்காலும் குறுக்கே கிடக்கிற சமவெளியிலும் அதே கதைதான் என்பது விதியில் ஏறவில்லை.

தென்கரைத் தெருவை இந்த விதியில் வைத்துப் பாருங்கள். தனியாக எடுத்தால் 410. 500-ஐத் தொடவில்லை, தள்ளுபடி. வடகரையோடு கூட்டினால் 1,310, எண்ணிக்கை தாராளம். ஆனால் கூட்டிய மறுநொடி அது ஏற்கெனவே சாலை உள்ள குடியிருப்பின் பகுதியாகிவிடுகிறது, மறுபடி தள்ளுபடி. எந்தப் பக்கம் புரட்டினாலும் வழி இல்லை. 300 மீட்டர் என்ற அந்த ஒரு அளவுதான் இரண்டு பக்கமும் கதவை மூடுகிறது.

எப்போது வந்து அளக்கிறார்கள் என்பதும் முக்கியம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். சுமார் 230 நாள். (2022-இல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது, ஆனால் கணக்கு அந்த வழக்கத்தை ஒட்டித்தான்.) ஆய்வு வேலை பெரும்பாலும் கோடையில் நடக்கும். சித்திரை வைகாசியில் ஆறு வறண்டு கிடக்க, ஆட்டுக்குட்டி முதல் டூ வீலர் வரை ஆற்றுக்குள் இறங்கி ஏறும். வந்து பார்ப்பவருக்கு அங்கே பாதை தெரியும். ஐப்பசியில் அதே இடத்தில் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். எனவே மனு எழுதும்போது நேர்க்கோட்டுத் தூரத்தைப் போடாமல், தண்ணீர் ஓடும் மாதத்தில் சட்ரஸ் வழியாகப் போன பாதையைக் கைபேசி வரைபடத்தில் பதிந்து, ஓடும் ஆற்றின் படத்தோடு இணைப்பதுதான் பயன் தரும். மாநிலத் திட்டங்களுக்கும் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதிக்கும் இந்த 500 மீட்டர் கட்டு இல்லை என்பதால், மத்தியத் திட்டத்தில் தள்ளுபடியான ஊர் அங்கே போய் நிற்பதே நடைமுறை.

கரைமேல் ரோடு எப்படிக் கெடுகிறது

வடகரை ரோடு 3.75 மீட்டர் அகலத் தார். இப்படிப்பட்ட ஊரகச் சாலையின் வழக்கமான அடுக்கு: மண் தளம், அதன்மேல் சரளை, 75 மில்லிமீட்டர் கனத்தில் ஜல்லி அடுக்குகள், மேலே 20 மில்லிமீட்டர் தார் ஜல்லி, அதன்மேல் சீல் கோட். 20 மில்லிமீட்டர் என்பது கட்டைவிரல் அகலம். அது பாரம் தாங்குவதற்கு இல்லை, தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுப்பதற்கு. அதில் கீறல் விழுந்தால் ரோடு போயிற்று.

கீறுவது கேஜ் வீல். சேற்றுழவுக்கு டிராக்டரின் பின்னால் மாட்டும் இரும்புச் சக்கரம். ஒரு வயல் முடிந்து அடுத்த வயலுக்கு அரைக் கிலோமீட்டர் போக வேண்டும். சக்கரத்தைக் கழற்றி டயரோடு போனால் திரும்ப மாட்ட நேரம் ஆகும் என்று அப்படியே ரோட்டில் ஓட்டுவார்கள். இரும்புப் பட்டைகள் தாரில் ஒரே இடைவெளியில் குறுக்குக் கோடு கோடாகப் பதியும். ஆனி ஆடியில் ஒரு முறை, புரட்டாசியில் ஒரு முறை. அதற்கு அடுத்த மாதமே வடகிழக்குப் பருவமழை. கோடு வழியாக இறங்கிய தண்ணீர் களிமண் தளத்தை ஊற வைக்க, பஸ் சக்கரம் போகும் இரண்டு தடமும் அமுங்கும். கார்த்திகையில் பள்ளம். ரோட்டில் கேஜ் வீல் ஓட்டக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். சேற்று நேரத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. ஊராட்சித் தீர்மானத்தைவிட, வாடகை டிராக்டர்காரர்களிடம் உழவு தொடங்கும் முன்பே பேசி, வயல்களை வரிசையாக உழ ஏற்பாடு செய்தால் ரோட்டில் ஓட்டும் தேவையே குறையும்.

இரண்டாவது சேதம் ஓரத்தில். பஸ்ஸின் அகலம் 2.5 மீட்டர். 3.75-இல் எதிரே ஒரு மினி லாரி வந்தாலே ஒன்று மண் ஓரத்தில் இறங்கியாக வேண்டும். ஓர மண் மழையில் கரைந்து தாரின் விளிம்பு அந்தரத்தில் நிற்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது கை அகலம் கை அகலமாக உடையும். மூன்று வருஷத்தில் 3.75 என்பது சில இடத்தில் 3 ஆகிவிடும். தார் போடுவதோடு நிறுத்தாமல் இரு பக்கமும் ஒரு மீட்டர் சரளை ஓரம் போட்டு இறுக்கினால் இந்த நோய் பாதி குறையும். மதிப்பீட்டில் பணம் பற்றாதபோது முதலில் வெட்டப்படுவதும் அந்தச் சரளை ஓரம்தான்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. கரை சரிவது வெள்ளம் ஓடும்போது என்று நினைப்போம். பெரும்பாலும் தண்ணீர் வடியும்போதுதான் சரியும். ஆறு நிறைய ஓடி, களிமண் கரை ஊறியிருக்கும் வேளையில் மேலே சட்ரஸை இறக்கி, முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்துக்கு மாற்றினால், ஆற்று மட்டம் சடாரென்று இறங்கிவிடும். கரைக்குள் இருக்கும் தண்ணீர் அந்த வேகத்தில் வடியாது. அதுவரை முட்டுக் கொடுத்து நின்ற ஆற்றுத் தண்ணீரும் இல்லை. உள்ளே பாரம், வெளியே ஆதரவு இல்லை. கரை ஆற்றுப் பக்கம் வழுக்கி இறங்கும். ரோட்டில் முதலில் தெரிவது கரைக்கு இணையாக ஓடும் நீள விரிசல். குறுக்கு விரிசலைத் தாரால் அடைக்கலாம். இந்த நீள விரிசலைத் தாரால் மூடுவது நோயை மறைப்பது மட்டுமே. அந்த இடத்தில் ஆற்றுப் பக்கம் தடுப்புச் சுவரோ கல் கட்டோ வேண்டும், அதுவரை பஸ்ஸையும் லாரியையும் வயல் பக்கமாக ஓட்ட வேண்டும். வெளி வளைவில் ஆறு கரையைத் தின்னும் இடங்களில்தான் இது திரும்பத் திரும்ப நடக்கும்.

கரை நீர்வளத்துறையுடையது, மேலே உள்ள தார் ஊராட்சி ஒன்றியத்துடையது. சரிந்தால் கரையைக் கட்டுவது ஒருவர், ரோட்டைப் போடுவது இன்னொருவர். மனு இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் போக வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போனால் மற்றதைக் காட்டிப் பதில் வரும்.

பஸ் ஏன் பாலத்தோடு திரும்புகிறது

டவுனிலிருந்து வடகரை நிறுத்தம் 14 கிலோமீட்டர். ஒற்றை ரோட்டில் மணிக்கு 21 கிலோமீட்டர் சராசரி என்றால் 40 நிமிஷம். போக வர 80, இரண்டு முனையிலும் பத்துப் பத்து நிமிஷம். ஒரு நடை, அதாவது போய்த் திரும்புவது, 100 நிமிஷம். எட்டு மணி நேர வேலை 480 நிமிஷம். நான்கு நடைக்கு 400 போக 80 நிமிஷம் மிச்சம். அதில்தான் டிரைவர், கண்டக்டர் சாப்பாடு, ரயில்வே கேட்டில் நிற்பது, அறுவடைக் காலத்தில் எதிரே லாரி வந்தால் பின்னால் எடுப்பது எல்லாம்.

இதே பஸ்ஸை சட்ரஸ் வழியாகத் தென்கரைத் தெருவுக்கு நீட்டினால் இரண்டு கிலோமீட்டர்தானே கூடுதல் என்று தோன்றும். கரை மண் ரோட்டில் மணிக்கு 15-க்கு மேல் போக முடியாது. ஒரு வழிக்கு எட்டு நிமிஷம். நடை 116 நிமிஷம் ஆகும். நான்கு நடைக்கு 464. மிச்சம் 16 நிமிஷம். காகிதத்தில் நான்கு நடை நிற்கிறது, ரோட்டில் நிற்காது, மூன்றாகத்தான் முடியும். ஊருக்குள் ஒரு தெருவைச் சேர்க்கப் போய், வழியில் உள்ள எல்லா ஊருக்கும் ஒரு பஸ் குறைகிறது. டிப்போ மறுப்பதற்கு இதுதான் காரணம். அதை வெளியே இப்படிச் சொல்வதில்லை, 'ரோடு சரியில்லை' என்று எழுதி அனுப்புவார்கள்.

ரோடும் சரியில்லைதான். பழைய சட்ரஸ் பாலத்தின் இரு கைப்பிடிச் சுவருக்கும் இடையே 3 மீட்டர். 2.5 மீட்டர் பஸ் நேராகப் போனால் நுழையும். ஆனால் கரை ரோட்டிலிருந்து பாலத்துக்குச் செங்குத்தாகத் திரும்ப வேண்டும். 11 மீட்டர் நீள வண்டி அந்த மூலையில் திரும்பும்போது பின்சக்கரம் உள்ளே வெட்டும். ஒன்று கைப்பிடிச் சுவரில் உரசும், இல்லை கரை விளிம்பில் தொங்கும். பாலத்தின் பலத்தைச் சோதிக்கும் முன்பே திருப்பம் தோற்கிறது. பாலத்தை இடிக்காமலே, இரு தலைப்பிலும் கரையை அகலப்படுத்தி மூலையை வட்டமாக்கினால் மினி பஸ்ஸும் 108-ம் தாராளமாகத் திரும்பும். பாலத்தின் தாங்குதிறனை மட்டும் துறையிடம் எழுத்தில் வாங்க வேண்டும்.

கடைசி நிறுத்தத்தில் திருப்பும் இடமும் அப்படித்தான். முழு நீள பஸ் ஒரே சுற்றில் திரும்ப ஏறக்குறைய 25 மீட்டர் திறந்த வெளி வேண்டும். கோயில் திடலோ பள்ளி மைதானமோ இருந்தால் சரி. இல்லாவிட்டால் பின்னால் எடுத்து மூன்று வீச்சில் திருப்ப வேண்டும். கரை ரோட்டில், விளக்கில்லாத இரவு எட்டரை மணிக்கு எந்த டிரைவரும் அதைச் செய்யமாட்டார். பல ஊர்களில் கடைசி ட்ரிப் ஊருக்குள் வராமல் பாலத்தோடு திரும்புவதற்கு இதுவே காரணம். ஒரு சோடியம் விளக்கும், நெல் காயப்போடாத திடலும் கிடைத்தால் அந்த ட்ரிப் உள்ளே வரும். இரவு ஹால்ட் போட்டு விடியற்காலை அங்கிருந்தே புறப்படும் பஸ் கேட்கும் ஊர்கள், டிரைவர் கண்டக்டர் படுக்க ஒரு அறையும் கழிவறையும் முதலில் காட்டினால் பேச்சு நகரும்.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும். அதே ரோட்டில் போகும் புறநகர் பஸ்ஸுக்குப் பொருந்தாது. இதனால் நிறுத்தத்தில் நிற்கும் பெண்கள் வருகிற பஸ்ஸில் எல்லாம் ஏறுவதில்லை. டவுன் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். 7.40 மணி ட்ரிப்பில் நூறு நாள் வேலைக்காரர் தவிர எல்லாரும் ஒரே நேரத்தில் ஏறுவது அதனால்தான்: பள்ளிப் பிள்ளைகள், ஜவுளிக்கடைப் பெண்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கட்டணமில்லாச் சீட்டு. கூட்டத்தில் கண்டக்டரால் கிழிக்க முடியாமல் போனாலோ, 'நமக்கு எதுக்கு' என்று வாங்காமல் விட்டாலோ, அந்தத் தலை கணக்கில் ஏறாது. அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு கொடுப்பது பதிவான பயணத்துக்கு. நிரம்பி வழிந்த ட்ரிப் ஏட்டில் பாதி காலியாகத் தெரியும். ட்ரிப் வெட்டும் பட்டியல் வரும்போது கையில் எடுப்பது அந்த ஏட்டைத்தான்.

மினி பஸ் கேட்கும் முறை

மினி பஸ் புதுத் திட்டம் 2025-இல் நடைமுறைக்கு வந்தது. ஜூன் 16-இல் தஞ்சாவூரில் தொடங்கி வைத்தார்கள். தடத்தின் மொத்த நீளம் 25 கிலோமீட்டருக்குள், அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் ஓடாத வழியாக இருக்க வேண்டும்.

ஊர்கள் செய்யும் வழக்கமான தவறு: 'டவுனிலிருந்து எங்கள் தெருவரை' என்று கேட்பது. 16 கிலோமீட்டரில் 14 ஏற்கெனவே பஸ் ஓடும் வழி. ஓடாதது இரண்டே கிலோமீட்டர், 12.5 சதவீதம். முதல் பார்வையிலேயே நிராகரிப்பு. இதையே குறுக்கே போட்டுப் பாருங்கள். தென்கரைத் தெருவில் தொடங்கி, தெற்கே களத்துமேட்டுத் தெரு, அதற்கப்பால் உள்ள இரண்டு மூன்று சிற்றூர்கள், கடைசியில் அடுத்த ஆற்றங்கரை மெயின் ரோட்டில் ஏறி ஒரு ரயில் நிலையமோ சந்தையோ உள்ள ஊர் வரை என்று 16 கிலோமீட்டர் தடம். அதில் 11 கிலோமீட்டர் பஸ் பார்க்காத வழி. 68.75 சதவீதம், விதிக்குள் வந்துவிட்டது. ஆற்றுக்கு இணையாக நீட்டுவதைவிட இரண்டு ஆற்றுக்கு நடுவில் குறுக்கே இணைப்பதுதான் டெல்டாவில் மினி பஸ்ஸுக்குப் பொருத்தமான வேலை.

இதற்கும் ஒரு முடிச்சு உண்டு. மினி பஸ் தனியார் வண்டி, பெண்களும் டிக்கெட் எடுக்க வேண்டும். டவுன் பஸ் நேரத்தை ஒட்டி மினி பஸ் ஓடினால் பெண்கள் ஏறமாட்டார்கள், முதலாளி மூன்று மாதத்தில் வண்டியை வேறு தடத்துக்குக் கேட்பார். டவுன் பஸ் இல்லாத இடைவெளியில், அதாவது காலை பத்து முதல் பன்னிரண்டு, மாலை ஆறு முதல் எட்டு என்று நேரம் அமைத்து, மெயின் ரோட்டு பஸ்ஸோடு சேர்வது மாதிரி வைத்தால்தான் நிற்கும்.

ரயில்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாயவரம்–முத்துப்பேட்டை ரயில் 1894-இல் தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் பணத்தில் போட்டது. அந்தப் பாதையின் ஒரு பகுதியையும் சேர்த்துக்கொண்டு போகும் திருவாரூர்–காரைக்குடி 2019-இல் அகலப்பாதையாகத் திறந்தபோது கேட்டுக்கு ஆள் போதாமல், ரயிலிலேயே கேட் கீப்பர்களை ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொரு கேட்டிலும் நிறுத்தி, இறங்கி மூடி, ரயில் கடந்ததும் திறந்து, ஏறிக்கொண்டார்கள். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம் ஆயிற்று. திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் 2023 ஏப்ரலில் மீண்டும் ஓடத் தொடங்கியது. நம் ஊர் ஏட்டில் 'ரயில் நிலையம் 5 கிலோமீட்டருக்குள்' என்று இருக்கும். நாளுக்கு இரண்டு ரயிலோடு, நிலையத்துக்கு பஸ்ஸும் இல்லாமல், அந்தக் குறி தினசரிப் பயணத்தில் எதையும் மாற்றுவதில்லை. தொலைதூரப் பயணத்துக்கு உதவும்.

நெல் போகும் வழி

ஆள் கணக்கில் தோற்கும் ஊர் சில சமயம் நெல் கணக்கில் ஜெயிக்கும், அதனால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகப் பிடிப்பார்கள். ஈரப்பதம் 17 சதவீதம் வரை. பிடித்த மூட்டையை லாரி ஏற்றிக் கிடங்குக்கு அனுப்பினால்தான் அடுத்த நாள் பிடிக்க இடம். லாரி வராத கரையில் நிலையம் வைக்க முடியாது. தென்கரை வயல் நெல் டிரெய்லரில் சட்ரஸ் சுற்றி வடகரைக்கு வரும். வரிசையில் காத்திருக்கும்போது மழை வந்தால் ஈரம் ஏறி, மறுபடி காயப்போட வேண்டும். அறுவடை மெஷினும் அதே பிரச்சினை: பெல்ட் வண்டி லாரியில் வரும், லாரி பாலத்தில் ஏறாது என்பதால் வடகரையில் இறக்கி, பெல்ட்டோடு ஓட்டிக்கொண்டு போவார்கள், மெஷின் வாடகை மணிக்கணக்கு என்பதால் அந்த நேரமும் குடியானவன் தலையில்தான். பாலம் கேட்கும் மனுவில் 410 பேர் என்று எழுதுவதோடு, தென்கரை ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) எத்தனை ஏக்கர், ஒரு போகத்துக்கு எத்தனை சிப்பம் என்று கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் (பயிர்ப் பதிவேடு) கணக்கையும் சேர்த்தால், நபார்டு ஊரக உள்கட்டமைப்பு நிதிக்கு அது வலுவான காரணம்.

பாலம்: எந்த மாதத்தில் எது

ஆற்றுக்குள் அடித்தளம் போடக் கிடைப்பது பிப்ரவரி முதல் ஜூன் முதல் வாரம் வரை, நாலு மாதத்துக்குச் சற்று மேல். இந்தக் காலத்தை மனதில் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். ஒப்பந்தம் மார்ச் கடைசியில் கையெழுத்தானால், ஆள் வந்து, மண் சோதனை முடிந்து, தூண் துளைக்கும் இயந்திரம் இறங்கும்போது மே ஆகிவிடும். ஜூன் 12-இல் தண்ணீர் வந்துவிட்டால் பாதித் தூணோடு வேலை நின்று, எட்டு மாதம் கம்பி துருப்பிடிக்கும். டெல்டாவில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் அரைகுறைப் பாலங்கள் பெரும்பாலும் பணமில்லாமல் நின்றவை அல்ல, மாதம் தப்பியவை.

ஆகவே ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம். செப்டம்பருக்குள் ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு. அதோடு நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று. அந்தச் சான்றுக்கு அவர்கள் கேட்பது ஆற்றின் படுகை அகலம், முழு ஓட்ட மட்டம், அதிகபட்ச வெள்ள மட்டம். பாலத்தின் அடிப்பாகம் வெள்ள மட்டத்துக்கு மேலே போதிய இடைவெளி விட்டு நிற்க வேண்டும், தூண்கள் ஓட்டத்தின் அகலத்தைக் குறைக்கக் கூடாது. வெள்ள மட்டத்தை ஐப்பசி கார்த்திகையில் கரையில் நேராகக் குறித்துக்கொள்ளலாம். கோடையில் ஊர்க்காரர் கைகாட்டும் உயரத்தை நம்பி வரைந்தால் வரைபடம் திரும்பி வரும். மழைக்காலத்துக்குள் ஒப்பந்தம் முடிந்தால், ஜனவரி 28-இல் மேட்டூர் மூடி ஆறு வடிந்ததும் பிப்ரவரி முதல் வாரத்தில் மண் அணை போட்டு இறங்கிவிடலாம்.

அகலம் கேட்கும்போது பலரும் ஆட்டோ போனால் போதும் என்று 3 மீட்டரில் நின்றுவிடுகிறார்கள். 3 மீட்டரில் கட்டிய பாலத்தைப் பிறகு அகலப்படுத்துவது கடினம். பெரும்பாலும் மறுபடி முழுதாக இடித்துத்தான் கட்ட வேண்டியிருக்கும். பாலத்தில் வண்டி ஓடும் தளம் 5.5 மீட்டரும், இரு தலைப்பிலும் பஸ் திரும்பும் வட்ட மூலையும், தென்கரையில் 25 மீட்டர் திருப்புமிடத்துக்கான புறம்போக்கு சர்வே எண்ணும் முதல் தீர்மானத்திலேயே எழுதப்பட வேண்டும். பாலம் வந்துவிட்டால் வடகரை நிறுத்தத்திலிருந்து தென்கரைத் தெரு 300 மீட்டர். பஸ்ஸுக்கு இரண்டு நிமிஷம் கூடுதல், நடை 104 நிமிஷம், நான்கு நடைக்கு 416. 64 நிமிஷம் மிச்சம் இருக்கிறது. டிப்போ நாலாவது நடையை வெட்ட வேண்டியதில்லை.